கணினிக்குத் தண்ணி காட்டும் திட்டம்

மாட்டுக்குத் தண்ணி காட்டுவார்கள். கம்ப்யூட்டருக்கும் தண்ணி காட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள் தெரிந்தே தண்ணீரை விடுகிற வேலை இது. முதன்முதலில் கேட்கிற யாருக்கும் "ஏன், மூளை குழம்பிப் போச்சா?" என்றுதான் தோன்றும். திருச்சியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒரு மாணவனிடமும் வீட்டில் இதைத்தான் கேட்டார்கள். அவன் மூன்று வாரம் உட்கார்ந்து போட்ட திட்டம் எப்படித் தொடங்கி எங்கே போய் நின்றது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் அவன் நிலைமை. ஒரே ஒரு தளம் கொண்ட வீடு, மேலே மொட்டை மாடி. இரண்டே அறைகள். ஒன்றில் அப்பா, அம்மா. இன்னொன்றில் அவனும் அப்பாயியும் கம்ப்யூட்டரும். படிப்புக்கு நடுவே கல்யாண அழைப்பிதழ் வீடியோ, கடை விளம்பரம் என்று முப்பரிமாண வேலைகள் செய்து கொடுத்துச் சம்பாதிக்கிறான். பகலில் கல்லூரி என்பதால் ரெண்டரிங் எல்லாம் இரவில்தான். சாப்பிட்டுவிட்டு பட்டனை அமுக்கினால் விடிய விடிய ஓடும்.

கம்ப்யூட்டரில் இருப்பது ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு. கார்டு பழையது, கைமாறி வந்தது. 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் கிராஃபிக்ஸ் கார்டு வைத்து அந்தக் காசைத் தோண்டும் தொழில் ஒரே நாளில் படுத்தது. அப்போது சந்தைக்கு வந்து குவிந்த கார்டுகளில் ஒன்று இது. விலை மலிவு. ஆனால் ராத்திரி முழுக்க அதன் மூன்று ஃபேன்களும் மாவு மில் மாதிரி இரையும்.

ஏப்ரல் பிறந்ததும் அப்பாயி நடுராத்திரியில் எழுந்து உட்கார ஆரம்பித்தார். "ஏன்டா தம்பி, இந்தப் பொட்டிய வச்சிக்கிட்டு மனுசி தூங்க முடியலடா" என்று புலம்பல். சத்தத்தைத்தான் சொல்கிறார் என்று அவன் எடுத்துக்கொண்டான். சத்தத்துக்கு என்ன மருந்து என்று தேடப் போய் வந்து சேர்ந்த இடம்தான் வாட்டர் கூலிங்.

தண்ணீருக்கு என்ன அவ்வளவு மவுசு?

கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் காற்றை 1 டிகிரி சூடாக்க சுமார் 1.2 கிலோஜூல் போதும். அதே ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 4,180 கிலோஜூல் வேண்டும். கிட்டத்தட்ட 3,500 மடங்கு! அதாவது கொஞ்சூண்டு தண்ணீர், நிறையச் சூட்டைச் சுமந்து கொண்டு போகும். காற்று வேலை செய்ய வேண்டுமானால் ஃபேன் வேகமாகச் சுற்றி நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சத்தம் வருவது அதனால்தான்.

அமைப்பும் புரியாத சங்கதி இல்லை. காரில் இருப்பதேதான். சிப்பின் தலையில் ஒரு செம்புக் கட்டி, அதன் பெயர் வாட்டர் பிளாக். அதற்குள் தலைமுடி போல மெல்லிய தகடுகள், அவற்றின் நடுவே தண்ணீர் ஓடும். சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய், ஃபேன் காற்றில் ஆறி, தொட்டிக்கு வந்து, பம்ப் வழியாக மறுபடி பிளாக்குக்கு. சுற்றிச் சுற்றி ஒரே தண்ணீர். இப்படி மூடிய வட்டமாக இருப்பதால் இதை லூப் என்பார்கள். கடையில் எல்லாம் ஒட்டி மூடி விற்கிற ரெடிமேட் லூப்பும் உண்டு. அது பெரும்பாலும் பிராசஸருக்கு மட்டும். கார்டையும் சேர்த்து, பாகம் பாகமாக வாங்கி நாமே கோர்ப்பதுதான் கஸ்டம் லூப்.

இது புதுப் பைத்தியமும் இல்லை. ஐபிஎம்மின் 3081 என்ற பெரிய கணினி 1980ல் அறிவிக்கப்பட்டபோதே தண்ணீரால்தான் குளிர்ந்தது. 1985ல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட் பலகைகள் ஃப்ளூரினெர்ட் என்ற மின்சாரம் கடத்தாத திரவத்தில் அப்படியே முங்கிக் கிடந்தன. 2000ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் ஆர்வக்கோளாறு பிடித்தவர்கள் மீன் தொட்டி பம்பையும், பழைய காரில் கழற்றிய ஹீட்டர் கோரையும் வைத்து வீட்டிலேயே செய்தார்கள். 1977 பான்டியாக் போனவில் காரின் ஹீட்டர் கோர் அவர்களிடையே ரொம்பப் பிரபலம். 2004ல் ஆப்பிள் நிறுவனமே தன் 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5 கணினியைத் திரவக் குளிர்விப்போடு விற்றது. சில வருஷம் கழித்து அவற்றில் பல கசிந்து, உள்ளே இருந்த பாகங்களைப் பாழாக்கின என்பதும் அதே கதையின் அடுத்த பாகம்.

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கம்

அவன் முதலில் எழுதியது சூட்டுக் கணக்கு. வாட்டர் கூலிங் திட்டம் போடுகிற யாரும் தொடங்க வேண்டிய இடம் இதுதான். கலர் குழாயும் மின்னுகிற விளக்கும் பிறகு.

5800எக்ஸ் பெட்டியில் 105 வாட் என்று போட்டிருக்கும். நிஜத்தில் அது 142 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. 3080 கார்டுக்கு 320 வாட். இரண்டும் சேர்ந்து 462 வாட். தண்ணீரில் கலக்கும் பம்பின் சூட்டுக்கு ஒரு 20 வாட் கூட்டினால் ஏறக்குறைய 480. கம்ப்யூட்டர் தின்கிற கரண்ட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அது செய்கிற கணக்குக்கென்று தனியாக எதுவும் கழியாது.

இந்த 480 வாட்டை ஆற்ற எத்தனை ரேடியேட்டர்? அனுபவஸ்தர்கள் ஒரு குத்துமதிப்பு வைத்திருக்கிறார்கள். ஃபேன் சத்தமில்லாமல் மிதமாகச் சுற்ற வேண்டும், தண்ணீர் அறைக் காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் அளவு ரேடியேட்டருக்கு சுமார் 100 வாட். அப்படியானால் ஐந்து ஃபேன் வேண்டும். மூன்று ஃபேன் பிடிக்கிற 360 அளவு ஒன்று மேலே, இரண்டு ஃபேன் பிடிக்கிற 240 அளவு ஒன்று முன்னால். டேப்பை வைத்துக் கேபினெட்டை அளந்தான். ரேடியேட்டரின் கனத்தோடு ஃபேனின் 25 மில்லிமீட்டரையும் சேர்த்து அளக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, வாங்கிய பிறகு மதர்போர்டில் இடிக்கிறது என்று தலையில் கை வைக்கிறார்கள்.

அடுத்தது ஓட்டம். நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓடினால் 462 வாட் சூடு ஏறினாலும் தண்ணீர் ஒரு சுற்றில் 1.7 டிகிரிதான் கூடும். ஆகவே முதலில் பிராசஸரா கார்டா, நடுவில் ரேடியேட்டர் வேண்டுமா என்ற சண்டையெல்லாம் வீண். குழாய் எப்படிப் போனால் வளைவு குறைவோ அப்படிப் போனால் போதும். ஒரே ஒரு விதி, தொட்டி பம்புக்கு முன்னால், அதைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். பம்ப் காய்ந்து ஓடினால் பேரிங் போய்விடும்.

இன்னொரு சமாசாரமும் கணக்கில் தெரிந்தது. கார்டின் சிப் பெரியது, 628 சதுர மில்லிமீட்டர். சூடு பரவலாக வெளியே வருவதால் தண்ணீர் அதை நன்றாக வாங்கிக்கொள்ளும். பிராசஸரில் வேலை செய்கிற எட்டு கோர்களும் உட்கார்ந்திருப்பது சுமார் 80 சதுர மில்லிமீட்டர் துண்டில். கைவிரல் நகம் அளவு. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து சூடு வெளியே வருவதே கஷ்டம். மேலே காற்று இருந்தாலென்ன, காவிரியே ஓடினாலென்ன, அது 75, 80 டிகிரியில்தான் நிற்கும். இந்த ஜோடியில் தண்ணீரால் ஆதாயம் கார்டுக்குத்தான்.

ஆனால் கார்டு பிளாக்கில் ஒரு கண்ணி உண்டு. பிராசஸர் பிளாக் எந்தப் போர்டிலும் ஏறும். கார்டு பிளாக் அப்படி இல்லை. அந்தக் குறிப்பிட்ட தயாரிப்பாளரின் அந்தக் குறிப்பிட்ட மாடல் பலகைக்கென்று அளவெடுத்துச் செய்வது. 3080 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் பலகை வேறானால் பிளாக் உட்காராது. அதோடு 3080ன் மெமரி சிப்புகளும் கடுமையாகச் சூடாகிற ரகம். அவற்றின் மேல் வைக்கிற தெர்மல் பேட் சரியான கனத்தில் இல்லாவிட்டால் சிப் குளிர்ந்து மெமரி வேகும். அவன் கார்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து, பலகை எண்ணைக் குறித்துக்கொண்டு, பொருந்துகிற பிளாக்கைத் தேடிப் பிடிக்க ஐந்து நாள் ஆனது.

பட்டறையில் கிடைத்த பாடம்

ரேடியேட்டர் விலையைப் பார்த்ததும் அமெரிக்கக்காரர்கள் போலப் பழைய ஹீட்டர் கோர் கிடைக்குமா என்று ஊரில் ஒரு கார் ரேடியேட்டர் பட்டறைக்குப் போனான்.

"அண்ணே, செம்புல பழைய ஹீட்டர் கோர் ஏதாச்சும் இருக்குமா?"

"எந்த வண்டிக்கு தம்பி?"

"வண்டிக்கு இல்லண்ணே, கம்ப்யூட்டருக்கு."

அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு விவரமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "இப்ப வர்றதெல்லாம் அலுமினியம் தம்பி. ஒன்னோட கட்டி செம்புங்கிற. ரெண்டையும் ஒரே தண்ணில விட்டியன்னா ஒண்ண ஒண்ணு தின்னுரும். ஆறு மாசம் கழிச்சி இங்கதான் தூக்கிட்டு வருவ."

அவர் சொன்னது பாடப் புத்தகத்தில் கால்வானிக் அரிப்பு என்ற பெயரில் இருப்பது. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒரே தண்ணீரில் தொடர்போடு இருந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உருவாகிவிடும். அலுமினியம் கரையும். செம்பு, பித்தளை, நிக்கல் முலாம் ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும். அலுமினியம் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரக் கூடாது. மலிவு ரேடியேட்டர் வாங்கும்போது உலோகம் என்ன என்று முதலில் பார்க்க வேண்டியது இதற்காகத்தான். அவன் நோட்டில் 'அலுமினியம் கிடையாது' என்று எழுதி இரண்டு கோடு போட்டான்.

தண்ணீர் எது? போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, பிளாக்கின் மெல்லிய தகடுகளுக்கு நடுவிலும் படிந்து அடைத்துவிடும். குடிக்கிற கேன் தண்ணீரிலும் தாது உப்புகள் உண்டு. டிஸ்டில்ட் வாட்டர்தான் சரி. அதிலும் பாசி, பாக்டீரியா பிடிக்கும் என்பதால் பாசிக்கொல்லியும் அரிப்புத் தடுப்பானும் கலந்த கூலன்ட் சேர்க்க வேண்டும். டிஸ்டில்ட் வாட்டர் கரண்ட் கடத்தாது, கசிந்தாலும் பயமில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. புதிதாக ஊற்றும்போது ஓரளவு உண்மை. ஓடி ஓடி உலோகத் துகளும் தூசும் சேர்ந்தபின் அதுவும் கடத்தும். போர்டின் மேல் படிந்திருக்கும் தூசியே போதும்.

குழாய்க்குக் கண்ணாடி போன்ற கெட்டிக் குழாய் பார்க்க அழகு. சூடு காட்டி வளைக்க வேண்டும், அளவு தவறினால் குப்பை. அவன் தேர்ந்தெடுத்தது உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர் கொண்ட கறுப்பு ரப்பர் குழாய். அழகில்லை, ஆனால் மடங்காது, சுலபத்தில் கழறாது. அக்ரிலிக் தொட்டியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது என்றும் ஒரு குறிப்பு. ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் மெல்லிய விரிசல் விழும்.

கசிவுச் சோதனைக்கு ஒரு முழுப் பக்கம். எல்லாம் மாட்டிய பிறகு போர்டுக்கும் கார்டுக்கும் கரண்ட் கொடுக்காமல் பம்புக்கு மட்டும் கொடுக்க வேண்டும். பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரில் பச்சை ஒயர் வருகிற பின்னை ஒரு கறுப்பு ஒயர் பின்னோடு இணைத்தால் மதர்போர்டு இல்லாமலேயே அது ஓடும். ஒவ்வொரு மூட்டுக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்துவிட்டு 24 மணி நேரம் ஓடவிட வேண்டும். பேப்பர் நனையவில்லை என்றால்தான் அடுத்த வேலை. பம்ப் வேகத்தைச் சொல்லும் ஒயரை மதர்போர்டின் சிபியு ஃபேன் இடத்தில் மாட்ட வேண்டும். பம்ப் நின்றால் போர்டு கத்தும்.

எல்லாவற்றையும் கூட்டினான். இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டர், பம்ப், தொட்டி, ஐந்து ஃபேன், பன்னிரண்டு ஃபிட்டிங், குழாய், கூலன்ட்... மொத்தம் அரை லட்சத்தைத் தாண்டியது. கையில் இருந்ததோ 41,000 ரூபாய். அதிலும் பாதி அடுத்த செமஸ்டர் ஃபீஸ். மே மாதம் இரண்டு அழைப்பிதழ் வேலை வந்தால் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, ஆர்டர் செய்கிற பக்கம் வரைக்கும் போய்விட்டான்.

ஒரு கேள்வி

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாயியிடம் பெருமையாக விளக்கினான். தண்ணீர் வரும், ரேடியேட்டர் வரும், இனிமேல் சத்தமே இருக்காது.

அப்பாயி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சத்தத்த யாருடா சொன்னா? எனக்குத்தான் ஒரு காது கேக்காதே. வெக்கை தாங்கலன்னுதான சொன்னேன். தண்ணி விட்டா ரூமு வெக்கை போயிருமா?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை.

போகாது. ஒரு டிகிரிகூடக் குறையாது. தண்ணீர் சூட்டைத் தின்பதில்லை, தூக்கிக்கொண்டு மட்டும் போகிறது. பிளாக்கில் ஏற்றிய 480 வாட்டை அரை அடி தள்ளி ரேடியேட்டரில் இறக்கி வைக்கும். ரேடியேட்டர் அதே அறைக் காற்றில் கொட்டும். பவர் சப்ளையில் வீணாகிறதையும் சேர்த்தால் ஐநூறு வாட்டுக்கு மேல் அந்த அறைக்குள்ளேயே. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் வெளிவிடுகிற சூடு சுமார் 100 வாட். ஆக, ராத்திரி முழுக்க அந்தச் சின்ன அறையில் கூடுதலாக ஐந்து பேர் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அப்பாயி அந்த ஐந்து பேரோடுதான் இரண்டு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வெப்பப் பரிமாற்றப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவனின் நோட்டில், பதினெட்டுப் பக்கத்தில், அறை என்ற ஒரு வரியே இல்லை.

ஆனால் மூலையில் இருக்கும் மண்பானைத் தண்ணீர் அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறதே, அது எப்படி? பானையின் நுண்ணிய துளைகள் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகிற ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அனல்மின் நிலையத்துக் குளிர்விப்புக் கோபுரமும் இதே வித்தைதான். மூடிய லூப்பில் ஆவியாக வழியே இல்லை. அதனால் அதன் தண்ணீர் அறைக் காற்றைவிட ஒருநாளும் கீழே இறங்காது. திறந்த கோபுரம் வைத்து ஆவியாக்கியவர்களும் உண்டு. அவன் கணினிக்கு அதைச் செய்தால் எட்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஆறு லிட்டர் தண்ணீர் அறைக் காற்றில் கலக்கும். வெக்கைக்குப் பதில் புழுக்கம். அப்பாயி திட்டுவது நிற்காது.

அப்படியானால் தண்ணீரால் பயனே இல்லையா? உண்டு. சூட்டைக் குறைக்க முடியாவிட்டாலும், அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று முடிவு செய்கிற வசதியைத் தண்ணீர் தருகிறது. 2010ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஐபிஎம்மும் அங்குள்ள ஈடிஹெச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அக்வாசார் என்ற சூப்பர் கம்ப்யூட்டரை நிறுவின. அதைக் குளிர்வித்தது சுமார் 60 டிகிரி வெந்நீர்! சிப் அதைவிடச் சூடாக இருக்கும்வரை வெந்நீரும் குளிர்விக்கும். வெளியே வந்த சூட்டை வீணாக்காமல் பல்கலைக்கழகக் கட்டடங்களைக் கதகதப்பாக்கப் பயன்படுத்தினார்கள். குளிர் நாட்டில் அது வரம். திருச்சியில் அதை வாங்க ஆள் கிடையாது, வீட்டைவிட்டு வெளியே அனுப்பினால் போதும்.

திருத்திய திட்டம்

பத்தொன்பதாம் பக்கத்தில் அவன் மறுபடி முதலிலிருந்து எழுதினான். மேலே ஒரே கேள்வி: 'சூடு எங்கே போகிறது?'

முதல் படி, சூட்டை உண்டாக்காமல் இருப்பது. சிப் தின்கிற சக்தி, அதற்குக் கொடுக்கிற வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கடைசி கொஞ்சம் வேகத்துக்காக வோல்டேஜை ஏற்றும்போதுதான் வாட் கண்டபடி கூடுகிறது. கொஞ்சம் இறக்கினால் வேகம் சிறிது குறையும், சூடு நிறையக் குறையும். கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கினான். 320 வாட் 224 ஆனது. பயாஸில் பிராசஸரை 65 வாட் ஈகோ மோடில் போட்டான். 142 வாட் 88 ஆனது. மொத்தம் 462லிருந்து 312. ஒன்றரை ஆள் அறையைவிட்டு எழுந்து போனமாதிரி. ஒரு ஃபிரேமுக்குப் பத்து நிமிஷம் ஆனது இப்போது பதினொரு நிமிஷம் ஆகிறது. அவ்வளவுதான் நஷ்டம். செலவு பூஜ்யம்.

இரண்டாம் படி, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். கேபினெட்டைத் தூக்கி வென்டிலேட்டருக்கு நேர் கீழே வைத்து, அங்கே ஃபேனை மாட்டினான். எதிர் ஜன்னல் வழியே வெளிக்காற்று வரும். நிமிஷத்துக்கு 5 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளினால், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 100 வாட் வெளியேறும். ராத்திரி வெளியே அறையைவிடக் குளிர்ச்சி என்பதால் இது வேலைக்கு ஆகும்.

மூன்றாம் படியில்தான் தண்ணீர். அதுவும் சுருங்கிவிட்டது. பிராசஸருக்குக் கிடையாது, கார்டுக்கு மட்டும். ஒரு பிளாக், ஒரு பம்ப், தொட்டி, ஒரே ஒரு 360 ரேடியேட்டர். ஆனால் அது கேபினெட்டுக்குள் இல்லை. கிழக்குப் பக்கச் சுவருக்கு வெளியே, சன்ஷேடுக்குக் கீழே. போக நான்கு மீட்டர், வர நான்கு மீட்டர் குழாய். அதற்குள் மட்டும் சுமார் 630 மில்லி தண்ணீர் பிடிக்கும். 224 வாட்டுக்கு மூன்று ஃபேன் தாராளம். நடுவில் சொட்டாமல் கழற்றி மாட்டுகிற இணைப்பான் ஒரு ஜோடி. கவனிக்க வேண்டியவை என்று நான்கு குறிப்புகள்: மழைச் சாரல், புழுதி, அணில், காலை வெயில். அணில் ரப்பரைக் கடிக்கும் என்பதால் வெளியே வருகிற குழாய்க்கு மேல் பிவிசி பைப். காலை வெயில் ரேடியேட்டரைச் சூடாக்கும் என்பதால் ரெண்டரிங் ஏழு மணிக்குள் முடிய வேண்டும்.

இந்த மூன்றாம் படியின் செலவு பழைய திட்டத்தில் பாதிக்கும் கீழே. இருந்தாலும் இன்னும் ஆர்டர் போடவில்லை. முதல் இரண்டு படியோடு ஒரு கோடை ஓட்டிப் பார்க்கிறான். ஃபீஸ் கட்டியாகிவிட்டது.

வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் திட்டம் போடுகிற தோழர்களுக்கு அவன் நோட்டிலிருந்து எடுத்த சாரம் இவ்வளவுதான்: முதலில் வாட்டைக் கூட்டுங்கள். அதை வாங்கிக்கொள்ளப் போகிற காற்று எந்தக் காற்று, அதை மூச்சு விடப்போவது யார் என்று பாருங்கள். வாட்டைக் குறைக்க முடியுமா என்று ஒரு ராத்திரி முயன்று பாருங்கள். அதற்குப் பிறகும் தண்ணீர்தான் வேண்டுமென்றால் பலகை எண்ணைச் சரிபாருங்கள், அலுமினியத்தைத் தள்ளி வையுங்கள், 24 மணி நேரச் சோதனையைச் சுருக்காதீர்கள்.

அப்பாயி? போன வாரம் கேட்டதற்கு "இப்ப தேவலாம்டா" என்றாராம். பானையை மட்டும் எதிர் ஜன்னலுக்குக் கீழே நகர்த்தி வைத்துக்கொண்டார். காற்று அந்த வழியாக வருகிறது, தண்ணீர் இன்னும் நல்லா ஆறுது என்று காரணம் சொன்னார். ஆவியாதல் வேகம் காற்றோட்டத்தைப் பொறுத்தது என்று அவன் விளக்கப் போனான். அவர் அதற்குள் தூங்கிவிட்டார்.